உள்ளே விட்ட துணி

அந்தத் தெருவில் அவரை மாஸ்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருக்கிறது. தொழில் ஆல்டரேஷன். புதுத் துணி வெட்டித் தைத்துத் தருவதில்லை. கடையில் எடுத்த பேண்ட்டுக்குக் கால் குறைப்பது, தோளில் தொங்கும் கோட்டைப் பிடித்துக் கொடுப்பது, இடுப்பில் இறுக்குவதைப் பிரித்து விடுவது என்று மற்றவர்கள் செய்த தப்பையும் காலம் செய்த தப்பையும் சேர்த்துச் சரிசெய்து கொடுப்பார். இருபத்திரண்டு வருடமாக அதே மெஷின், அதே கத்தரிக்கோல், அதே வாய்.

அந்த வாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யாராவது பழைய சட்டை ஒன்றைக் கொண்டுவந்து, "இத வெச்சு அளவு பாத்துக்கோங்க, எனக்கு நேரமில்ல" என்றால் போதும், பிடித்துக்கொள்வார். "சட்டை போன வருஷத்து ஆளைத்தான் சொல்லும். இந்த வருஷத்து ஆள் வந்து நில்லுங்க" என்று டேப்பை உருவுவார். உடம்பை அளந்து, நோட்டில் தேதி போட்டு எழுதாமல் துணியில் கைவைக்க மாட்டார். அது அந்தக் கடையின் சட்டம். அந்தச் சட்டத்துக்குத் தப்பிய ஆள் ஒரே ஒருவர்தான். அவருடைய கதைதான் இது.

நாலு வருடத்துக்கு முன்பு மாஸ்டரம்மாவின் எடை நூற்றுப் பதினெட்டு கிலோ. மூட்டு வலிக்கும் மூச்சிரைப்புக்கும் அவர் அசரவில்லை. அசர வைத்தது சர்க்கரை. அது ஏறி ஏறிக் கண்ணில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஊசியின் காது முதலில் இரண்டாகத் தெரிந்தது, பிறகு தெரியாமலே போனது. நூல் கோர்க்க முடியாத தையல்காரி வேறு எங்கே போய் என்ன செய்வாள்? அந்தப் பயம்தான் அவரைத் தள்ளிக்கொண்டு போய் ஆபரேஷன் மேஜையில் படுக்க வைத்தது. இரைப்பையில் முக்கால் பங்கை எடுத்துவிட்டு மிச்சத்தைக் குழாய் போலத் தைத்து விட்டார்கள். "டாக்டரும் நம்ம தொழில்தான். வயித்தைப் பிடிச்சுத் தைச்சுட்டாரு. ஆனா உள்ள கொஞ்சம்கூடத் துணி விடாம வெட்டிட்டாரே, அதான் மனசு கேக்கல" என்று பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரித்தார்.

ஒன்றேகால் வருடத்தில் எடை எழுபத்தொரு கிலோவுக்கு வந்தது. சர்க்கரை மாத்திரையை நிறுத்தினார்கள். ஊசியின் காது ஒன்றே ஒன்றாக, சுத்தமாகத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் அவரைப் படம் எடுத்தார்கள். பழைய சட்டை ஒன்றுக்குள் மாஸ்டரம்மாவும் அவர் வீட்டுக்காரரும் சேர்ந்து நிற்கிற படம். வீட்டுக்காரர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், ஒல்லியான மனிதர். "கல்யாணத்துக்கு அப்புறம் நாம சேந்து எடுத்த ஒரே நல்ல போட்டோ இதுதான்" என்று அவர் சொன்னார். படத்தைப் பெரிதாக்கி, காத்திருக்கும் கூடத்தில் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி மாட்டினார்கள்.

அந்த மகிழ்ச்சியில் மாஸ்டரம்மா தனக்கென்று ஒரு சாம்பல் நிறச் சட்டை தைத்துக்கொண்டார். நெருக்கமான நெசவு, நல்ல கனம். கை பழகிய பழக்கத்தில் பக்கத் தையலுக்கு உள்ளே இரண்டு இன்ச் துணி விட்டுத் தைத்தார். யாருக்குத் தைத்தாலும் அப்படித்தான். நாளைக்கு உடம்பு கூடினால் பிரித்து விடலாம் அல்லவா. அதில் தப்பு ஒன்றும் இல்லை.

தப்பு பிறகுதான் நடந்தது. ஒரு நாள் அக்குளுக்குக் கீழே சட்டை லேசாகப் பிடித்தது. பிளேடை எடுத்துத் தையலைப் பிரித்து, கால் இன்ச் விட்டுத் தைத்துக்கொண்டார். பத்து நிமிட வேலை. சில மாதம் கழித்து இன்னொரு கால் இன்ச். கால் இன்ச் என்பது என்ன, ஒரு நகத்தின் அகலம்கூட இல்லை. ஆனால் சட்டைக்கு இரண்டு பக்கம், பக்கத்துக்கு முன் துணி ஒன்று பின் துணி ஒன்று. நாலு கால் சேர்ந்தால் சுற்றளவில் முழுசாக ஒரு இன்ச். அடுத்தவர் சட்டை என்றால் இந்தக் கணக்கைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். தன் சட்டைக்கு மட்டும் கணக்குப் போட மறந்துவிட்டார். ஊரில் எல்லாருக்கும் உடம்பு கூடுவதை முதலில் சொல்வது உடுப்புதான். மாஸ்டரம்மாவின் உடுப்புக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. அது வாயைத் திறப்பதற்குள் இவர் பிரித்து விட்டுவிடுவார்.

எடை பார்க்கும் மெஷின் கட்டிலுக்கு அடியில் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால், "ஊர்ல இல்லைங்க, வந்ததும் வரேன்" என்பார். பின்னால் தையல் மெஷின் கடகடவென்று ஓடுகிற சத்தம் அவர்களுக்கும் கேட்டிருக்கும். இரண்டு வருடம் போல ஊரில் இல்லாமலே இருந்தார்.

வீட்டுக்காரர் ஒரு தடவை மெதுவாக ஆரம்பித்தார். "ஏம்மா, சும்மா ஒரு தடவை டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாமே."

"எதுக்கு? நான் சாப்பிடறதே இல்லைன்னு உங்களுக்குத் தெரியாதா? நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டேன் சொல்லுங்க."

நேற்று இரவு மாஸ்டரம்மா தட்டில் இரண்டு வாய்தான் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்த சாட்சி வீட்டுக்காரரேதான். தோற்றுப்போன வக்கீல் மாதிரி எழுந்து போய்ப் பேருந்தைக் கழுவ ஆரம்பித்தார்.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம். செவ்வாயும் வெள்ளியும் காஜாக்கா வருகிற நாள். சட்டைகளில் பட்டன் நுழையும் ஓட்டைக்குக் காஜா எடுப்பதும் பட்டன் கட்டுவதும் அந்த அம்மாவின் வேலை. மாஸ்டரம்மாவைவிடப் பத்து வயது மூத்தவர். கண்ணாடி மூக்கின் நுனியில் நிற்கும். பேச்சு அதைவிடக் கூர்மையாக நிற்கும். அவர் வீட்டு முன்னறையில் இருந்த கடைக்குள் நுழைந்தபோது மாஸ்டரம்மா சாம்பல் சட்டையை மடியில் போட்டுக்கொண்டு, ஊசியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நூலை நீட்டிக்கொண்டிருந்தார். நூல் காதுக்கு இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது, காதுக்குள் மட்டும் போகவில்லை. ஒரு மாதமாகவே இப்படித்தான். ஊசி சரியில்லை என்று மூன்று பாக்கெட் மாற்றியாகிவிட்டது.

"அக்கா, இதக் கொஞ்சம் கோத்துக் குடுங்க. இப்ப வர்ற ஊசிக்கெல்லாம் காதே வெக்கிறதில்ல."

காஜாக்கா வாங்கி ஒரே தடவையில் கோர்த்தார். ஊசியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "காது இருக்கு தங்கச்சி" என்றார்.

காஜாக்காவின் பார்வை மடியில் கிடந்த சட்டைக்குப் போனது. பக்கத் தையல் பிரிந்து கிடந்தது. பக்கத்திலேயே வேறொரு சாம்பல் துணி, மூன்று இன்ச் அகலத்தில் நீளமாக வெட்டி வைத்திருந்தது. ஒட்டுக் கொடுப்பதற்கு. உள்ளே விட்ட துணி தீர்ந்துபோயிருந்தது.

காஜாக்கா சட்டையை உள்புறம் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். நெருக்கமான துணியில் ஊசி போன இடம் மறையாது. வரி வரியாகத் துளைகள். விரலை வைத்து எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு... ஆறு பழைய தையல். இப்ப பிரிச்சது ஏழு. யாரு சட்டை இது? இந்த ஆள நிக்க வெச்சு அளந்தியா?"

"என் சட்டைதான் அக்கா."

"தெரிஞ்சுதான் கேக்கறேன். நோட்ட எடு."

நோட்டில் மாஸ்டரம்மாவுக்கும் ஒரு பக்கம் இருந்தது. மார்பு, இடுப்பு, கை, எல்லாம் சட்டை தைத்த அன்று எழுதியது. அதற்குக் கீழே வெள்ளைத் தாள். எதிர்ப்பக்கத்தில் ஒரு பள்ளி ஆசிரியைக்கு மூன்று வருடத்தில் ஒன்பது முறை எழுதியிருந்தது. காஜாக்கா டேப்பை நீட்டினார். மாஸ்டரம்மா எழுந்து நின்று இரண்டு கையையும் லேசாகத் தூக்கினார். ஆயிரம் பேரை அப்படி நிற்கச் சொன்னவர். நிற்பது எப்படி இருக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கட்டிலுக்கு அடியிலிருந்து எடை மெஷினையும் இழுத்தார்கள். எண்பத்தேழு. பதினாறு கிலோ, ஒவ்வொரு தையலாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

"நான் பயந்தாங்கொள்ளி அக்கா. கண்ணு மங்குறது ஊசியால இல்லன்னு எனக்கு மொதல் பாக்கெட்லயே தெரியும்."

"தெரியும்ல? அப்ப சட்டையப் பழைய தையல்லயே தைச்சுப் போட்டுக்கிட்டு டாக்டர்கிட்டப் போ. ஒட்டுக் குடுக்க நான் நூல் கோத்துத் தர மாட்டேன்."

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனார். வீட்டுக்காரர் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். மாஸ்டரம்மாவின் பயமெல்லாம் டாக்டரிடம் இல்லை, அந்தப் போட்டோவிடம். காத்திருக்கும் கூடத்தில் அதற்கு நேர் கீழேதான் இடம் காலியாக இருந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு பெண் படத்தைப் பார்த்தாள், வீட்டுக்காரரைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். "சார், அது நீங்கதானே? கூட இருக்கறது யாரு?" என்று கேட்டாள். "என் சம்சாரம்தான்" என்று மட்டும் வீட்டுக்காரர் சொல்லிவிட்டு, மனைவியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். மாஸ்டரம்மாவுக்குத் தரை பிளந்தால் இறங்கிவிடலாம் என்றிருந்தது. ஆனாலும் எழுந்து ஓடவில்லை.

இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. சர்க்கரை திரும்ப ஏறியிருந்தது. இரும்புச்சத்தும் குறைவு, நிறுத்தக் கூடாத சத்து மாத்திரைகளையும் நிறுத்தியிருந்தார். குழாய் விட்டு இரைப்பையைப் பார்த்த டாக்டர், "நான் தைச்ச தையல் அப்படியேதான் இருக்கு, ஒண்ணும் விரியல" என்றார். திட்டுவார் என்று தலையைக் குனிந்திருந்தவர் நிமிர்ந்தார். டாக்டர் சாதாரணமாகத்தான் பேசினார். "கொஞ்சம் திரும்பக் கூடுறது நிறையப் பேருக்கு நடக்கறதுதான். நீங்க ஒண்ணும் கொலை பண்ணிட்டு வரல. வராம இருந்ததுதான் தப்பு. சர்க்கரைக்கு மாத்திரை எழுதறேன். கண் டாக்டரையும் பாருங்க, ஆனா கண்ணாடி மட்டும் இப்ப வாங்காதீங்க. சர்க்கரை இறங்கினா அளவு மாறும்."

"டாக்டர், வெளிய இருக்கற அந்தப் போட்டோவக் கழட்டிடுங்க."

"ஏன், அது பொய்யா?"

"பொய் இல்ல. பழைய அளவு."

"அப்ப கீழ தேதி போட்டு வெக்கச் சொல்றேன்" என்றார் டாக்டர். மாஸ்டரம்மாவுக்கு அது நியாயமாகப் பட்டது.

அடுத்த அறையில் உணவு ஆலோசகர். சின்னப் பெண். வெள்ளைக் கோட்டின் கை நீளம், விரல் நுனிவரை வந்து இடித்துக்கொண்டிருந்தது. மாஸ்டரம்மாவின் கண் முதலில் அங்கேதான் போனது.

"எப்போதிருந்து எடை கூட ஆரம்பிச்சது ஆன்ட்டி?"

"அதெல்லாம் எப்படிம்மா தெரியும்? நான் பாக்கவே இல்லையே" என்றவர், சட்டென்று நிறுத்தினார். எழுந்து மறைவுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றி, அங்கே கிடந்த ஆஸ்பத்திரி அங்கியைப் போட்டுக்கொண்டு வந்தார். சட்டையை மேஜை மேல் உள்புறமாக விரித்தார். துளை வரிகளின் மேல் முனையில், அக்குள் ஓரத்தில், பிரிக்கும்போது சிக்கிக்கொண்ட பழைய நூல் துணுக்குகள் இன்னும் இருந்தன. மெஷினில் அன்றைக்கு எந்த நூல் மாட்டியிருந்ததோ அதைக்கொண்டே தன் சட்டையைத் தைப்பது அவர் வழக்கம். தன் வேலைக்காக நூல் மாற்றுவானேன்.

"இது மொதத் தையல், சாம்பல் நூல். இது அரை வருஷம் அசையாம நின்னுச்சு. அடுத்தது பாருங்க, கருநீலம். கருநீலம் போட்டா பள்ளிக்கூட யூனிஃபார்ம் வேலை. பள்ளிக்கூடம் திறக்கற மாசம். இது அரக்கு, ஓட்டல்காரங்க கோட்டு. இது வெள்ளை, நர்ஸுங்களோடது..." விரல் கருநீலத்துக்கே திரும்பி வந்தது. "அப்பத்தான். கடைய வீட்டுக்கு மாத்துன வருஷம் அது."

"கடையை மாத்தினதுல சாப்பாட்டுல என்ன மாறிச்சு?"

"ஒண்ணும் மாறல. நான் சாப்பிடறதே இல்லம்மா" என்று வழக்கமான பல்லவியை எடுத்தார். அந்தப் பெண் மறுக்கவில்லை. பழைய கடையில் மத்தியானம் ஒரு மணிக்கு என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

பழைய கடை ஒரு வணிக வளாகத்தில், இருபத்திரண்டு படி ஏறிப் போக வேண்டிய மாடியில். ஒரு மணி ஆனால் காவலாளி கீழே கதவைச் சாத்திவிடுவார். இரண்டு மணிக்குத்தான் திறப்பார். மாடியில் இருந்த பெண்கள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து டப்பாவைத் திறப்பார்கள். மாஸ்டரம்மாவின் டப்பாவில் ஒரு முட்டை, ஒரு துண்டு மீன், கொஞ்சம் காய். அதை முக்கால் மணி நேரம் மென்று தின்பார். அவ்வளவுதான் உள்ளே போகும், மாலைவரை பசிக்காது.

வீட்டு முன்னறைக் கடைக்குக் காவலாளியும் இல்லை, ஒரு மணியும் இல்லை. எந்த நேரமும் யாராவது வருவார்கள். தட்டோடு உட்கார்ந்திருக்கும்போது கதவு தட்டினால், மாஸ்டரம்மா தட்டைத் துணிக் குவியலுக்கு அடியில் தள்ளிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவார். ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. பன்னிரண்டு வயதில் ஒரு அத்தை எல்லார் முன்னாலும், "இவ எப்பப் பாத்தாலும் தின்னுக்கிட்டே இருக்காளே" என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து தின்பது இன்னொருவர் கண்ணில் படக் கூடாது. தட்டு வேண்டாம், பிஸ்கட் போதும். பிஸ்கட்டுக்குத் தட்டும் வேண்டாம், நேரமும் வேண்டாம். ஊர் உலகத்தில் எல்லாரும் பழைய பிஸ்கட் டப்பாவில் பட்டன் போட்டு வைப்பார்கள். மாஸ்டரம்மா பட்டன் டப்பாவில் பிஸ்கட் போட்டு வைத்தார். மெஷினுக்குப் பக்கத்தில், கைக்கு எட்டுகிற தூரத்தில். அதோடு சர்க்கரை போட்ட டீ, ஒரு நாளைக்கு ஏழு தடவை.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அவருக்கே வெட்கமாக இருந்தது, கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது.

"நீங்க பொய் சொல்லல ஆன்ட்டி" என்றாள் அந்தப் பெண். "நிஜமாவே நீங்க சாப்பிடல. கொறிச்சுக்கிட்டே இருந்திருக்கீங்க. உங்க வயித்துக்கு முட்டையும் மீனும் கொஞ்சம் போனாலே கதவு சாத்திக்கும். பிஸ்கட்டும் டீயும் தட்டாமலே உள்ள போயிடும். புதுசா ஒண்ணும் செய்ய வேண்டாம். பழைய ஒரு மணியைத் திரும்பக் கொண்டுவாங்க. உக்காந்து, மெதுவா, முட்டையோ மீனோ முதல்ல. சாப்பிடறப்ப தண்ணி குடிக்காதீங்க. மாத்திரைய விடாதீங்க. மாசம் ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டுங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஆனா அது கஷ்டம்."

மாஸ்டரம்மா சட்டையை மடித்துக்கொண்டே, "உன் கோட்டு கை ரெண்டு இன்ச் நீளம். எழுந்திரு, அளக்கணும்" என்று பையிலிருந்து டேப்பை எடுத்தார்.

கஷ்டம்தான். பட்டன் டப்பாவுக்குப் பட்டன்கள் திரும்ப வந்தன. முதல் பத்து நாள் கை தானாகப் போய் அதைத் திறந்து, பட்டனைப் பார்த்து, மூடியது. டீயில் சர்க்கரையை நிறுத்திய அன்று வீட்டுக்காரர் மனைவியின் சிடுசிடுப்புக்குப் பயந்து பேருந்தை இரண்டு முறை கழுவினார். ஒரு வாரம் அவசர வேலை வந்து ஒரு மணி கைநழுவிப் போனது. அந்த மாதம் எடை அரை கிலோ கூடியது. காஜாக்கா அதையும் நோட்டில் தேதி போட்டு எழுதினார். "இதையும் எழுதணுமா?" என்று கேட்டதற்கு, "டீச்சருக்கு எழுதற, உனக்கு எழுத மாட்டியா?" என்றார். கதவில் மாட்ட வீட்டுக்காரர் ஒரு பலகை எழுதித் தந்தார்: சாப்பாட்டு நேரம், 1 முதல் 2 வரை. மாஸ்டரம்மா அதில் 'சாப்பாட்டு நேரம்' என்பதை மட்டும் துணித் துண்டு ஒட்டி மறைத்துவிட்டார். வருகிறவர்கள், அந்த ஒரு மணி நேரம் அவர் வெளியே போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். அவரும் உள்ளே மூச்சுக் காட்டாமல் மென்றுகொண்டிருந்தார்.

ஏழு மாதம் போனது. எடை எழுபத்தெட்டு. எழுபத்தொன்று திரும்ப வருமா என்று டாக்டரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. சர்க்கரை மாத்திரை பாதியானது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, காஜாக்கா மார்பும் இடுப்பும் அளந்து எழுதிய பிறகு, மாஸ்டரம்மா சாம்பல் சட்டையை எடுத்து உள்புறம் திருப்பினார். ஜன்னல் பக்கம் போய் ஊசியைத் தூக்கிப் பிடித்தார். முதல் தடவை நூல் தப்பியது. இரண்டாவது தடவை காதுக்குள் போய் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. மாஸ்டரம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். காஜாக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு, குனிந்து எதையோ தேடுகிற மாதிரி பாவனை செய்தார்.

நாலாவது வரித் துளைகளின் மேலேயே கையால் ஓட்டி, பிறகு மெஷினில் தைத்தார். உள்ளே மறுபடியும் துணி சேர்ந்தது.

"மிச்சத்த வெட்டிடு" என்றார் காஜாக்கா. "இருந்தாத்தானே பிரிச்சு விடுவ."

மாஸ்டரம்மா கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். பிறகு கீழே வைத்துவிட்டார். "வேண்டாம் அக்கா. துணி என்ன பாவம் பண்ணுச்சு? அளக்காம பிரிச்சது நான்தானே."

மணி ஒன்று அடித்தது. காஜாக்கா கிளம்பிப் போனார். மாஸ்டரம்மா கதவைச் சாத்தி, கை கழுவி, தட்டில் முட்டையும் மீனும் வைத்துக்கொண்டு, மெஷினுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். இரண்டாவது வாயில் கதவு தட்டியது.

"மாஸ்டரம்மா! இருக்கீங்களா? ஒரே ஒரு பேண்ட்டுதான், அஞ்சு நிமிஷம்!"

இடது கை பழக்க தோஷத்தில் தட்டைத் துணிக் குவியல் பக்கம் நகர்த்திவிட்டது. மாஸ்டரம்மா அந்தக் கையைப் பார்த்தார். தட்டைத் திரும்ப இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார். வாயில் இருந்ததை நிதானமாக மென்று விழுங்கினார். பிறகு தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னார்:

"சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்! ரெண்டு மணிக்கு வாங்க!"